கேட் பலகையில் போட்ட சைபர்

போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த பட்டாசு ஆலையில் பாதுகாப்பு வாரக் கூட்டம் நடந்தது. பழைய நர்ஸ் என்ற மரியாதைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கேட்டுக்குள் நுழைந்ததுமே கண்ணில் பட்டது அந்தப் புதுப் பலகை. சிவப்பு விளக்கில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று ஓடிக்கொண்டிருந்தது. என் காலத்தில் அது வெறும் கரும்பலகை. தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்து, சாக்பீஸால் எண்ணை எழுதுவது என் வேலை. “இப்ப அதெல்லாம் வேண்டாம் சிஸ்டர், நாள் பொறந்தா நம்பர் தானா ஏறிக்கிடும்” என்று இப்போதிருக்கும் நர்ஸ்பிள்ளை பெருமையாகச் சொன்னது.

“ஏறுறது தானா ஏறட்டும். இறக்கணும்னா யாரு இறக்குறது?” என்று கேட்டேன். ரிமோட் இருக்கிறதாம், அது ஆபீஸ் மேசை டிராயரில் இருக்கிறதாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. மேடையில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது, நான் பேசியது ஒன்றே ஒன்றுதான்: அந்த ரிமோட்டை நர்ஸ் அறைக்குக் கொடுங்கள். எல்லோரும் ஏதோ வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டினார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஏன் சொன்னேன் என்று விளக்க அங்கே நேரமும் இல்லை. அதனால்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ரூபி. சாத்தூர் பக்கம் பிறந்தவள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் படித்தேன். விடுதியில் வார்டன் அம்மா இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று கட்டளை போட்டிருந்ததால், அழுதுகொண்டே அந்த பாஷையையும் படித்தேன். கல்யாணமான பிறகு, என் வீட்டுக்காரருக்கு ஆலங்குளத்தில் வாத்தியார் வேலை. எனக்குச் சிவகாசி ரோட்டில் இந்தப் பட்டாசு ஆலையில் முதலுதவி அறை. ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் இருந்தேன். இதில் சொல்வதற்கு அதிகம் இல்லை.

ஆலை நர்ஸின் வேலையை வெளியில் இருப்பவர்கள் சும்மா உட்கார்ந்து பஞ்சு உருட்டுகிற வேலை என்று நினைப்பார்கள். பொழுது விடிந்ததும் ஆட்கள் வரத் தொடங்குவார்கள். அவர்களுக்கு முன்பு நான் கேட்டில் நிற்க வேண்டும். பீடி, தீப்பெட்டி, போன் எல்லாம் வாட்ச்மேன் வாங்கி வைப்பார். பெண்களின் சேலையில் ஊக்கு இருக்கிறதா, காலில் கொலுசு இருக்கிறதா, நைலான் துணி உடுத்தியிருக்கிறார்களா என்று பார்ப்பது நான். புதிதாகக் கல்யாணமான பெண்ணிடம் கொலுசைக் கழற்று என்றால் அவள் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டுமே! “உரசுனா பொறி வரும் தாயி, கழட்டி எங்கிட்ட குடு, சாயங்காலம் நானே மாட்டிவிடுதேன்” என்று கெஞ்சித்தான் வாங்குவேன். என் மேசை டிராயரில் எந்நேரமும் ஒரு குவியல் கொலுசு கிடக்கும்.

மருந்துக் கலவை அறைக்குப் போகிறவர்களைத் தனியாகப் பார்ப்பேன். பட்டாசுக்காரர்கள் மருந்து என்று சொல்வது வெடிக்கிற மருந்தை. அலுமினியப் பொடியும் மற்ற உப்புகளும் சல்லடையில் சலித்துக் கையால் கலக்கிற வேலை அது. தும்மல், காய்ச்சல், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த முகம், எதுவாயிருந்தாலும் அன்றைக்கு அந்த ஆளை உள்ளே விடமாட்டேன். கலவை வேலை காலைக் குளிர்ச்சியிலேயே முடிந்துவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கலவை அறையைப் பூட்டிவிட வேண்டும். அது எழுதப்பட்ட விதி.

தீ பட்டு வருகிறவர்களுக்கு நான் செய்கிற முதல் வேலை தண்ணீர் ஊற்றுவது. கூட வருகிற ஆட்கள் இட்லி மாவையும் பேனா மையையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்களைத் திட்டி விரட்டுவது இரண்டாவது வேலை. தண்ணீர் ஊற்றியபடியே மோதிரம், வளையல், கயிறு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கை வீங்கிவிட்டால் பிறகு கழற்ற முடியாது. பிறகு சுத்தமான துணியைப் போர்த்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். சொன்னால் எளிதாக இருக்கிறது. அலறுகிற ஆளைப் பிடித்துக்கொண்டு செய்து பார்த்தால்தான் தெரியும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்ய முடிந்ததற்குக் காரணம் எங்கள் மேனேஜர் ராஜாமணி சார். நல்லது எதுவோ அதையும் சொல்ல வேண்டும். அவர் வருவதற்கு முன்பு எங்கள் ஆலையிலும் வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது கையையோ காலையோ சுட்டுக்கொள்வார்கள். வந்த பிறகு ஒவ்வொரு அறைக்கும் ஆள் கணக்கு, மருந்துக் கணக்கு, மணல் வாளி, தண்ணீர்த் தொட்டி என்று ஒழுங்கு படுத்தியவர் அவர்தான். கேட்டில் பலகை வைத்ததும் அவர்தான். அந்தப் பலகையில் எண் ஏற ஏற எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. வெள்ளைக் கைக்குட்டையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். எங்கே உட்கார்ந்தாலும் அதை எடுத்து நாற்காலியை ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். வேலை பார்க்கிற ஒவ்வொருவரின் பிள்ளைகள் பெயரும் அவருக்குத் தெரியும். யாரிடமும் ‘செய்’ என்று சொல்லமாட்டார். “செஞ்சிருவோமா?” என்று மெதுவாகக் கேட்பார். கேள்வி போல இருக்கும். ஆனால் அதற்கு இல்லை என்று பதில் சொன்ன ஆள் எங்கள் ஆலையில் கிடையாது. “இந்த லோடை இன்னைக்கே அனுப்பிருவோமா?” என்றால் அனுப்பியாக வேண்டும். “நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ஒரு அரைநாள் வந்துருவோமா?” என்றால் வந்தாக வேண்டும்.

ஒரு வருடம் முதலாளி ஜப்பானில் நடந்த வாணவேடிக்கைக் கண்காட்சிக்குப் போகும்போது இவரையும் கூட்டிப் போனார். திரும்பி வந்தவர் ஆளே மாறிப்போயிருந்தார். எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் இடுப்பை வளைத்துக் குனிந்து வணக்கம் வைத்தார். முதல் நாள் திரி உருட்டுகிற கிழவி ஒருத்தி, சார் எதையோ கீழே போட்டுவிட்டார் என்று நினைத்து, அவளும் குனிந்து தரையில் தேடினாள். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி உடற்பயிற்சி செய்யச் சொன்னார். “நம்ம ஊரை எல்லாரும் குட்டி ஜப்பான்னு சொல்றாங்க. பேரு மட்டும் இருந்தா போதுமா? ஒழுக்கம் வேணும், விசுவாசம் வேணும்” என்பார். ஆட்கள் அவருக்கு ஜப்பான் சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த வருடம் ஆடி மாதம். காற்று அள்ளிக்கொண்டு போகிற நேரம். தீபாவளி சீசன் சூடு பிடித்துவிட்டது. பலகையில் எண் ஏறி ஏறி, எங்கள் ஆலைக்குப் பாதுகாப்புக் கேடயம் பரிசாகத் தருவதாக முடிவாகியிருந்தது. வடக்கே போகிற லாரி ஒன்று லோடுக்காகக் காத்துக்கொண்டு நின்றது. வெயில் நன்றாக ஏறிய பிறகு, பூட்டியிருந்த கலவை அறையைத் திறக்கச் சொன்னார் ராஜாமணி சார். “ஒரே ஒரு தட்டு மட்டும் கலந்துருவோமா மாரியப்பன்?” என்று கேட்டிருக்கிறார். மாரியப்பன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான்.

மாரியப்பன் எங்கள் ஆலையில் கலவை வேலைக்குப் பேர் போனவன். ஆலைக்குப் பக்கத்துக் காலனியில் வீடு. அவன் மனைவி முத்துலட்சுமியும் எங்களிடம்தான் திரி வெட்டுகிற வேலை பார்த்தாள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போவதாக வேண்டிக்கொண்டு, மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு கட்டியிருந்தான். காப்புக் கட்டினால் கறி கிடையாது, குடி கிடையாது, பாயில்கூடப் படுக்கமாட்டார்கள். அந்தத் தெருவே காப்புக் கட்டி மஞ்சள் உடுத்தியிருந்தது.

சலிக்கும்போதே மருந்து உரசித் தீப்பிடித்துவிட்டது. நல்லவேளையாக, தீ அறை முழுக்கப் பரவவில்லை. சல்லடையில் இருந்தது மட்டும் பற்றிக்கொண்டது. வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோயிருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் அவனை உட்கார வைத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். தோலிலும் நகக்கண்ணிலும் அலுமினியப் பொடி வெள்ளி மாதிரி மினுங்கியது. கை கண்ணெதிரே வீங்கியது. காப்புக் கயிறு சதையை இறுக்கத் தொடங்கிவிட்டது. கத்தரிக்கோலை எடுத்ததும் அவன் கையை இழுத்துக்கொண்டான்.

“வேணாம் நர்சம்மா, ஆத்தா காப்பு. வெட்டக் கூடாது.”

“வெட்டலைன்னா கை போயிரும்லே மாரியப்பா!”

“போனாப் போகட்டும்.”

நான் கோயில் கும்பிடுகிறவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிறவள். ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு வேறு வழி தெரியவில்லை. “ஆத்தா, நான்தான் வெட்டுதேன், இவன் வெட்டலை. கோவம்னா எம்மேல காட்டு” என்று அவன் காது கேட்கச் சத்தமாகச் சொல்லிவிட்டு வெட்டினேன். அப்புறம்தான் அவன் கையை நீட்டினான். வெட்டிய கயிற்றை ஒரு பஞ்சுப் பொட்டலத்தில் மடித்து முத்துலட்சுமியிடம் கொடுத்தேன்.

கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ராஜாமணி சார் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்து, அதே மெதுவான குரலில், “வீட்ல அடுப்புல பட்டதுன்னு சொல்லிருவோமா?” என்றார். கேடயம் வாங்குகிற நேரம், கம்பெனி பேர், முதலாளி முகம் என்று அடுக்கினார். “அடுப்புத் தீ வேற, மருந்துத் தீ வேற சார். டாக்டருகிட்ட நான் உள்ளதைத்தான் சொல்லுவேன்” என்றேன். அவர் மாரியப்பனைப் பார்த்தார். அந்த வலியிலும் மாரியப்பன், “விடுங்க நர்சம்மா. நம்ம கம்பெனி பேரு நம்மளால கெடக் கூடாது. நான் அடுப்புன்னே சொல்லிக்கிடுதேன்” என்றான். அவன் முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. டாக்டரிடம் நான் பொடி விஷயத்தைச் சொல்லி, அதற்கேற்றபடி கழுவ வைத்தேன். எங்கே பட்டது என்பதை மட்டும் அவன் அடுப்பு என்று சொல்லி மூடிவிட்டான்.

மறுநாள் காலை நான் பலகையைத் தொடவில்லை. “நான் எழுத மாட்டேன்” என்று சாக்பீஸை வாட்ச்மேன் மேசையில் வைத்துவிட்டேன். வாட்ச்மேன் கோணல்மாணலாக எண்ணை எழுதினார். எண் வழக்கம்போல ஒன்று ஏறியது.

அடுப்புக் கதை அடுப்போடு நிற்கவில்லை. ஆண்பிள்ளை எதற்கு அடுப்பில் கையை விட்டான் என்று நாலு பேர் கேட்பார்கள் அல்லவா? ஆபீஸிலிருந்து யாரோ, குடித்திருந்தான் என்று சேர்த்துவிட்டார்கள். அது காலனிக்குப் போய்ச் சேர்ந்தபோது, காப்போடு குடித்தான், அதனால் ஆத்தா கையைச் சுட்டுவிட்டாள் என்று ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாரியப்பன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. குழாயடியில் முத்துலட்சுமி குடத்தை வைத்தால், மற்றப் பெண்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். காப்புக் கட்டினவர்கள் தீட்டுப் பட்டுவிடும் என்று அவன் வாசலை ஒதுக்கி நடந்தார்கள்.

முத்துலட்சுமி ஒரு நாள் என் அறைக்கு வந்து கதவோரமாக நின்றாள்.

“நர்சம்மா, கையி போனாக்கூட பரவால்ல. அவுக குடிக்கலைன்னு மட்டும் சொல்லிருங்க. வேற யாரு சொன்னாலும் நம்ப மாட்டேங்காக. நீங்க சொன்னா அம்புட்டுப் பேரும் நம்புவாக.”

நான் குழாயடியிலும் சொன்னேன், கேட்டிலும் சொன்னேன். கேட்டுக்கொண்டு தலையாட்டினார்கள். ஆபீஸில் வேறு மாதிரி சொல்கிறார்களே என்று முனகினார்கள். மாரியப்பனே அடுப்பு என்று சொல்லிவிட்ட பிறகு, என் பேச்சு எடுபடவில்லை. பொய்யைக் காப்பாற்றிக் கொடுத்தவன் தலையிலேயே அந்தப் பொய் ஏறி உட்கார்ந்திருந்தது.

இந்த நேரத்தில்தான் ராஜாமணி சார் என்னைக் கூப்பிட்டு ஒரு சிடியை நீட்டினார். ஜப்பானில் வாங்கியதாம். சாமுராய் படம். அட்டையில் உச்சிக் குடுமி வைத்த ஒரு வீரன் வாளைப் பிடித்து நின்றான். கேடயம் வந்த சந்தோஷத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் எல்லோருக்கும் விருந்து, விருந்துக்குப் பிறகு இந்தப் படம்.

“படத்துல அடியில இங்கிலீஷ்ல எழுத்து ஓடும் சிஸ்டர். நம்ம ஆளுகளுக்குப் புரியாது. நீங்க சர்ச்சுல வாசிக்கிற மாதிரி மைக்குல தமிழ்ல சொல்லிருவோமா? விசுவாசம், கௌரவம், தலைவனுக்குக் கட்டுப்படுறது, இதுதான் படமே. நம்ம ஆளுக பாக்கணும்.”

“நீங்க படத்தைக் கடைசி வரைக்கும் பாத்தீகளா சார்?”

“அட்டையில அம்புட்டும் போட்டிருக்கே. பாக்கத்தானே உங்ககிட்ட குடுக்கேன்” என்றார்.

வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்து பார்த்தோம். கருப்பு வெள்ளைப் படம். பாதி நேரம் மழை பெய்கிறது, பாதி நேரம் ஆட்கள் மண்டியிட்டு உட்கார்ந்து பேசுகிறார்கள். என் வீட்டுக்காரர் நடுவில் தூங்கிவிட்டார். நான் கடைசிவரை அசையவில்லை. முடிந்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அட்டையில் விசுவாசம், கௌரவம் என்று எழுதியிருந்தது உண்மைதான். அதைப் படம் எப்படிச் சொல்கிறது என்று அட்டையில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாம்பார் வடை பாயசத்தோடு சாப்பாடு முடிந்தது. மண்டபத்து ஜன்னல்களைத் தார்ப்பாய் போட்டு மறைத்தார்கள். முன்வரிசையில் முதலாளி. அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியில் கேடயத்தையும் உட்கார வைத்திருந்தார்கள். ராஜாமணி சார் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தார். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். முத்துலட்சுமி கடைசியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

படம் தொடங்கியதும் குடுமிகளைப் பார்த்து ஒரே சிரிப்பு. “எல்லாருக்கும் உச்சியில ஒரு திரி வச்சிருக்காக, பத்த வச்சா வெடிச்சிரும்லே!” என்று யாரோ கத்தினார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஜப்பான் பெயர்கள் வாயில் நுழையாததால், நான் ராசா, மந்திரி, பெரியவர், சின்னவன் என்றே சொல்லிக்கொண்டு போனேன். ஆட்கள் கதைக்குள் வந்துவிட்டார்கள்.

கதை இதுதான். ராசா வேட்டைக்குப் போகிறார். மானைப் பார்த்து விட்ட அம்பு தவறி, காவலுக்கு நின்ற சின்னவன் மேல் பாய்ந்து அவன் செத்துப்போகிறான். ராசாவின் அம்பு குறி தவறாது என்பதுதான் அந்த ராச்சியத்துக்கே பேர். அதனால் மந்திரிகள் கூடிப் பேசி, சின்னவன் காவலை விட்டு ஓடினான், அதனால்தான் ராசா அம்பு விட்டார் என்று முடிவு கட்டுகிறார்கள். ஓடிப்போனவனைக் குடும்பத்து இடுகாட்டில் புதைக்கக் கூடாது. அவன் தாய் பிள்ளையின் உடலை வைத்துக்கொண்டு கோட்டை வாசலில் மழையில் உட்கார்ந்திருக்கிறாள். அவன் ஓடியதைப் பார்த்தேன் என்று பெரியவர் சபையில் சாட்சி சொல்ல வேண்டும். பெரியவர் ராசாவிடம் காலமெல்லாம் தலை குனிந்து உழைத்த வயதான வீரர். அவர் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள்.

மந்திரி பெரியவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிற இடம் வந்தது. மந்திரி வாள் எடுக்கவில்லை, கத்தவில்லை. டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, மெதுவாக, கேட்பதுபோலத்தான் சொல்கிறார். அடியில் ஓடிய இங்கிலீஷும் அப்படித்தான் இருந்தது. அதற்குத் தமிழில் எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். மைக்கில் சொன்னேன்:

“அவன் ஓடுனான்னு சொல்லிருவோமா?”

மண்டபத்தில் கொல்லென்று சிரிப்பு வெடித்தது. ஆண்கள் பக்கம் தொடையைத் தட்டினார்கள். “ஏலே, இது நம்ம ஆபீஸுலே!” என்று ஒரு குரல். சிரிப்பு அடங்கியபோது எல்லோருக்கும் உறைத்துவிட்டது. அதன் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. தாய் மழையில் நனைந்துகொண்டிருந்த இடத்தில், பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி முத்துலட்சுமியைப் பார்த்தார்கள்.

ராஜாமணி சார் இருட்டில் குனிந்தபடி என்னிடம் வந்தார். அவர் மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது. “சிஸ்டர், கதையைக் கொஞ்சம் மாத்திருவோமா? அவன் ஓடுனான்னு பெரியவர் ஒத்துக்கிட்டதா சொல்லிருங்க. யாருக்கு இங்கிலீஷ் தெரியப்போகுது?” என்று காதருகில் சொன்னார். திரையில் சபை கூடியிருந்தது. பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். மைக் என் கையில் இருந்தது.

வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும். பிள்ளையைக் காலேஜில் சேர்த்திருந்த வருடம் அது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெரியவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்ல என் வாய் வரவில்லை. சர்ச்சில் வாசிக்கிற அதே குரலில், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னேன்:

“அம்பு நெஞ்சுல நிக்கி. ஓடுனவனுக்கு அம்பு முதுகுலல்ல இருக்கணும்?”

பின்னால் நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. முத்துலட்சுமி எழுந்து நின்றாள். அவள் அதிர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை.

“அப்ப எங்க வீட்டுக்காரவுக கையில இருந்த வெள்ளிப் பொடி எந்த அடுப்புல இருந்து வந்துச்சு? சொல்லுங்க! எங்க வீட்ல வெறகுதான் எரியுது. எந்த ஊரு வெறகுல அலுமினியம் இருக்கு?”

இடுப்பிலிருந்து அந்தப் பஞ்சுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். வெட்டிய காப்புக் கயிறு, பாதி மஞ்சள், பாதி கருப்பு. திரை வெளிச்சத்தில் அதிலும் பொடி மினுங்கியது. அவள் என்னைப் பார்த்தாள். இப்போது நான் சொல்ல வேண்டியது சாமுராய் வசனம் இல்லை என்று புரிந்தது.

“அந்தக் காப்பை வெட்டுனது நான்தான்” என்றேன் மைக்கில். “தீ பட்டது மருந்து ரூம்ல. கழுவுனது என் கையி. அவன் மேல ஒரு சொட்டுச் சாராய வாடை கிடையாது. காப்பை வெட்டாதீக, கையி போனாலும் போகட்டும்னு சொன்னவன் அவன். கம்பெனி பேரு கெடக் கூடாதுன்னுதான் அடுப்புன்னு சொன்னான். குடிச்சான்னு சொன்னவுக யாரா இருந்தாலும் என் முன்னால வந்து சொல்லட்டும்.”

யாரோ விளக்கைப் போடப் போனார்கள். முதலாளி கையை உயர்த்தி, “படம் ஓடட்டும்” என்றார். அந்த மண்டபத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அதன் பிறகு நான் தமிழ் சொல்லவில்லை. தேவைப்படவும் இல்லை. பெரியவர் தன் வாள்களைக் கழற்றிச் சபை நடுவில் வைத்துவிட்டுக் கோட்டை வாசலை நோக்கி நடக்கிறார். பின்னால் வில்லாளிகள் வரிசையாக நிற்கிறார்கள். வாசலை அடைந்ததும் அவர் நின்று, மெதுவாகத் திரும்பி அவர்களைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்துகிறார். அம்பு வருகிறது. மறுநாள் காலை வேலைக்காரர்கள் அந்த இடத்தைப் பெருக்குகிறார்கள். அவ்வளவுதான் படம்.

வெளியே வரும்போது முதலாளி என் பக்கத்தில் நின்றார். “அந்தப் பெரியவர் எதுக்குத் திரும்பி நின்னார்?” என்று கேட்டார். “முதுகுல பட்டா ஓடுனான்னு சொல்லிருவாக. அதான் நெஞ்சுல வாங்கிக்கிட்டாரு” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறினார். கேடயத்தை யாரும் எடுத்துப் போகவில்லை. அது நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலை நான் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே ஆலைக்குப் போனேன். அந்தப் படத்தில் கடைசியில் பெருக்கினார்களே, அதுதான் மனதில் நின்றது. இங்கேயும் அப்படிப் பெருக்கி மறைத்துவிட்டால், நடந்தது நடக்காததுபோல் ஆகிவிடும் என்று பயந்தேன். வாட்ச்மேன் எண் எழுதுவதற்காகச் சாக்பீஸைக் கையில் எடுத்திருந்தார். நான் வாங்கிக்கொண்டேன். ஈரத்துணியால் பலகையை மூலைவரை துடைத்தேன். காய்ந்த பிறகு நடுவில் ஒரே ஒரு சைபர் போட்டேன். எட்டி நின்று பார்த்தேன். சின்னதாகத் தெரிந்தது. அழித்துவிட்டுப் பெரிதாகப் போட்டேன்.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் பலகையைப் பார்த்து நின்றுவிட்டார்கள். கேட்டில் கூட்டம் கூடிவிட்டது. ராஜாமணி சார் வந்தார். அன்றைக்கு யாருக்கும் குனியவில்லை. பலகையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சிஸ்டர், இதை அழிச்சிருவோமா?”

“அழிக்க வேண்டாம் சார்.”

எங்கள் ஆலையில் அந்தக் கேள்விக்கு யாரும் அப்படிப் பதில் சொன்னதில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். பலகையைத் துடைக்கப் போகிறார் என்று நினைத்து நான் குறுக்கே போய் நின்றுகொண்டேன். அவர் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதைப் பற்றி அவர் பிறகு ஒரு நாளும் பேசவும் இல்லை. வெயில் ஏறிய பிறகு கலவை அறையைத் திறக்கச் சொன்னதும் இல்லை. மற்றபடி ‘செஞ்சிருவோமா’ அவர் ஓய்வு பெறும்வரை இருந்தது. அதெல்லாம் பிறவிக் குணம்.

கூட்டம் கலைவதற்குள் முத்துலட்சுமி காலனிக்கு ஓடிப்போய் மாரியப்பனைக் கூட்டி வந்துவிட்டாள். அவன் வீட்டைவிட்டு வெளியே வந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. தாடி வளர்ந்திருந்தது. கட்டுப் போட்ட கையைத் துண்டால் தூக்கிக் கட்டியிருந்தான். ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். அருவருத்து ஒதுங்கவில்லை. மரியாதைக்கு விலகினார்கள். அந்த வித்தியாசம் அவனுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. இடது மணிக்கட்டில் புது மஞ்சள் கயிறு இருந்தது. குழாயடியில் குடத்தைத் தள்ளி வைத்த பெண்களே முந்தின ராத்திரி கோயிலிலிருந்து வாங்கி வந்து கட்டச் சொன்னார்களாம்.

அவனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே தெரியும். வருடக்கணக்காக அதைக் கடந்துதானே உள்ளே போயிருக்கிறான். ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“நர்சம்மா, இந்தச் சைபரு எனக்காகப் போட்டதா?”

“உனக்காகத்தாம்லே.”

“எம்புட்டோ நம்பரு போட்டீக இதுல. எனக்குன்னு போட்டது இது ஒண்ணுதான்” என்றான். பிறகு நல்ல கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்லா பெருசாப் போட்டிருக்கீக. ரோட்ல போறவனுக்குக்கூடத் தெரியும்” என்று சொல்லிச் சிரித்தான்.